சிவப்புக் கிணற்றை விடுங்கள், தெளிந்த கிணற்றைச் சோதியுங்கள்

கேள்வி இதுதான். மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) டவுனுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய லயத்து வீடு. குழாயில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் பின்புறக் கிணறுதான் கதி. இறைக்கும்போது தெளிவாக வரும் தண்ணீர் அரை மணி நேரத்தில் சிவந்துவிடுகிறது. மேலே எண்ணெய் போல ஒரு மினுக்கம். அதில் தே-ஓ (பாலில்லாத தேநீர்) போட்டால் கறுத்துப்போகிறது. செம்பனை எண்ணெய் மில்லின் கழிவு கிணற்றில் இறங்கிவிட்டதா? மேட்டில் இருக்கும் பெரியப்பா வீட்டுக் கிணறு எப்போதும் சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கலக்க அங்கே எடுத்துக் காய்ச்சிக் கொடுக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை முடியும்வரை வேண்டாம். காய்ச்சினாலும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்துக் காய்ச்சிக் கொடுங்கள், இல்லாவிட்டால் குழந்தைக்கு மட்டும் போத்தல் தண்ணீர் வாங்குங்கள். உங்கள் சிவப்புக் கிணற்றைவிட அந்தத் தெளிந்த கிணற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மில் ஆய்வுக்கூடத்திலும் பிறகு தண்ணீர் சுத்திகரிப்பிலும் வேலை பார்த்தவன் நான். நிறத்தை வைத்துத் தண்ணீருக்குத் தீர்ப்பு சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிவப்பு என்பது இரும்பு. நம் செம்மண் முழுக்க இரும்புதான். காற்றுப்படும் இடத்தில் அது துருவாக மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், தண்ணீரில் கரையாது. பூமிக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் அதே இரும்பு வேறொரு வடிவத்துக்கு மாறிக் கரைந்துவிடும். கரைந்த நிலையில் அதற்கு நிறம் கிடையாது, அதனால்தான் வாளியில் ஏறும்போது தெளிவாகத் தெரிகிறது. காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிச் சிவந்து அடியில் படிகிறது. தே-ஓ கறுப்பதும் இதே இரும்பால்தான். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருநீலப் பொருள் ஒன்று உண்டாகும். அந்தக் காலத்தில் பேனா மை செய்ததும் இந்த வேதியியலை வைத்துத்தான். குடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, வாய்க்குத்தான் விளங்காது.

மினுக்கத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு ஈர்க்குச்சியால் அந்தப் படலத்தை மெல்லக் கீறுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுகள் போலக் கோணல்மாணலாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்பை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாவின் வேலை. குச்சியை எடுத்ததும் வழிந்து ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய். பம்பிலிருந்து ஒழுகிய டீசலோ, மில் எண்ணெயோ, அதைப் பிறகு பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் வாளியின் ஓரத்தில் தெரிவது உடைந்த படலம். பாக்டீரியா என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் குச்சியால் ஒருமுறை கீறிப் பாருங்கள்.

இரும்புக்கு மலேசியாவின் குடிநீர் அளவு லிட்டருக்கு 0.3 மி.கி. இது நஞ்சுக்காக வைத்த கோடு இல்லை. ருசிக்காகவும், வெள்ளை வேட்டியில் கறை பிடிக்காமல் இருப்பதற்காகவும் வைத்தது. மாங்கனீசு கூட இருந்தால் கறை கறுப்பாக விழும். அதன் அளவு 0.1 மி.கி., அது அதிகமாவது குழந்தைகளுக்கு நல்லதில்லை.

இனி அந்தத் தெளிந்த கிணற்றுக்கு வருவோம். மண்ணுக்கடியில் வாழும் நுண்ணுயிரிகளும் மூச்சு விட வேண்டும். முதலில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்ததும் நைட்ரேட், அதற்குப் பிறகு மாங்கனீசு, அதன்பின் இரும்பு, இரும்பும் முடிந்தால் சல்பேட். பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகுதான் மோருக்குக் கை நீளும் என்பது மாதிரி, இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. உங்கள் கிணற்றில் இரும்பு கரைந்து வருகிறது என்றால் அந்த வரிசையில் இரும்பு வரை வந்தாயிற்று என்று பொருள். அதற்கு முன்பே நைட்ரேட்டை அவை தின்று தீர்த்திருக்கும். ஆகவே சிவக்கும் கிணற்றில் நைட்ரேட் அதிகமாக இருப்பது அபூர்வம். மேட்டுக் கிணற்றில் அப்படி இல்லை. அங்கே மண் காற்றோட்டமானது, ஆக்சிஜன் இருக்கிறது, இரும்பு கரையாது, தண்ணீர் தெளிவாக இருக்கும். மேலே போட்ட உரத்தின் நைட்ரேட்டும் யாரும் தொடாமல் அப்படியே கீழே இறங்கி வந்திருக்கும். அதற்கு நிறமோ வாடையோ ருசியோ கிடையாது.

எங்கிருந்து வருகிறது? செம்பனைக்கு வருடா வருடம் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் பொட்டாஷும் போடுகிறார்கள். யூரியாவில் எடைக்கு 46 விழுக்காடு நைட்ரஜன், அம்மோனியம் சல்பேட்டில் 21. உரம் போட்ட கையோடு பெருமழை பிடித்தால் மரம் குடித்தது போக மிச்சம் கீழே இறங்கும். மண்ணிலுள்ள பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலமும் சேர்ந்து பிறக்கிறது, அதனால் பல வருடம் உரம் கண்ட தோட்டத்து மண் புளித்துப்போயிருக்கும். உரத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பெரியப்பா வீட்டில் மாடு கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாட்டுக் கொட்டகையும் பழைய குழிக் கக்கூஸும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அவை இரண்டுமே போதும்.

பெரியவர்களுக்கு நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, அதுவும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் கதை வேறு. நைட்ரேட் நைட்ரைட்டாகி, ரத்தத்திலுள்ள சிவப்பணுப் புரதத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பூக்கும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மி.கி. நைட்ரேட் என்று எல்லை வைத்திருக்கிறது. காய்ச்சினால் பாக்டீரியா சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் கெட்டியாகும். இதனால்தான் தொடக்கத்திலேயே காய்ச்சினாலும் வேண்டாம் என்றேன்.

இங்கே ஒரு பொடி வைத்த இடம் உண்டு. சில ஆய்வுக்கூட அறிக்கைகள் நைட்ரேட் என்று முழு அளவைப் போடும், சில அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் போடும். மலேசியத் தரத்தின் 10 மி.கி. என்பது நைட்ரஜனாகக் கணக்கிட்டது. நைட்ரஜன் கணக்கை 4.4ஆல் பெருக்கினால் நைட்ரேட் கணக்கு வரும். அறிக்கையில் 12 என்று இருந்தால் அது எந்தக் கணக்கு என்று கேட்காமல் நிம்மதியாகவும் இருக்காதீர்கள், பதறவும் பதறாதீர்கள்.

சிவப்புக் கிணற்றுக்கு நான் நற்சான்று கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பார்க்க வேண்டியது ஆர்சனிக் என்ற நஞ்சு. இந்த வட்டாரம் ஈயம், அதாவது வெள்ளீயம் தோண்டிய பூமி. டவுனைச் சுற்றி இருக்கும் பெரிய பெரிய ஈயக்குட்டைகள் அதன் மிச்சம்தான். ஈயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த கந்தகத் தாதுவும் வரும், அது வெளிக்காற்றில் கிடந்தால் அமிலமும் ஆர்சனிக்கும் கசியும். ஆர்சனிக் துருவின் மேல் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. துரு மண்ணோடு கிடக்கும்வரை ஆர்சனிக்கும் அங்கேயே கிடக்கும், துரு கரைந்தால் அதுவும் அவிழ்ந்துகொண்டு தண்ணீரில் இறங்கும். எனவே இரும்பு கரைந்து வரும் கிணறு, பக்கத்தில் பழைய ஈய மணல் என்று இரண்டும் சேர்ந்தால் ஒருமுறையாவது ஆர்சனிக் பார்த்தே ஆக வேண்டும். எல்லை லிட்டருக்கு 0.01 மி.கி. மட்டுமே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி வருவதற்கு முன்பு பால்மரத் தோட்டங்களில் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் மருந்து. மருந்து ஸ்டோர் இருந்த இடம் எது என்று லயத்தில் இருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தருகே கிணறு தோண்டாதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் இங்கே தடை. அது களிமண்ணில் இறுக ஒட்டிக்கொள்வதால் கிணற்றுக்கு அதிகம் இறங்காது. அதன் கொடுமையெல்லாம் முதுகில் டப்பா சுமந்து மருந்தடித்த பெண்களுக்குத்தான்.

சரி, மில். எல்லோரும் முதலில் கைநீட்டுவது மில்லைத்தான், அதில் நியாயமும் உண்டு. பழக்குலையை வேகவைத்து எண்ணெய் பிரித்தபின் வெளியேறும் கழிவு சூடாக, பழுப்பாக, புளிப்பாக இருக்கும். பி.எச். 4, 5 அளவு. அதன் பி.ஓ.டி., அதாவது அதை மக்கவைக்க பாக்டீரியா கேட்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மி.கி. நம் ஊர்ச் சூட்டில் ஆற்றுத் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மி.கி. சொச்சம்தான். கணக்குப் போட்டால், சுத்திகரிக்காத ஒரு லிட்டர் கழிவு மூவாயிரத்து முந்நூறு லிட்டர் ஆற்று நீரின் ஆக்சிஜனை முழுக்கக் குடித்துவிடும். கழிவில் நஞ்சு இல்லை, எல்லாம் பழத்திலிருந்து வந்ததுதானே என்று மில்லில் சொல்வார்கள். சொல்வது உண்மை. மீன் நஞ்சுண்டு சாவதில்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. ராத்திரியில் பாசி ஆக்சிஜன் விடாது, எல்லாமே ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும். விடியும் முன்னால்தான் ஆற்றில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். காலையில் கரையோரம் மீன் மிதந்தால், இரவில் யாரோ வால்வைத் திறந்திருக்கிறார்கள் என்று ஊர் பேசும். பல சமயம் அந்தப் பேச்சில் உண்மை இருக்கும்.

1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை மில்களுக்கென்றே விதிகள் வந்தன. 1978இல் பி.ஓ.டி. எல்லை 5,000, பிறகு படிப்படியாக இறக்கி 1984இல் 100 ஆனது. சில இடங்களில் உரிமத்தில் 20 என்றே நிபந்தனை உண்டு. குளம் குளமாக விட்டு, முதலில் காற்றில்லாத குளத்தில் மக்கவைத்து, பிறகு காற்றுள்ள குளத்தில் விட்டு இதை எட்டுகிறார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எங்கள் பி.ஓ.டி. சோதனை 30 பாகைச் சூட்டில் 3 நாள் வைத்துப் பார்ப்பது. மற்ற நாடுகளில் 20 பாகையில் 5 நாள். எண்களை ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லைக்குள் வந்த கழிவும் கெட்டித் தே-ஓ நிறத்தில்தான் இருக்கும். அந்தப் பழுப்பு எளிதில் மக்காத பொருள், மக்காததால் பி.ஓ.டி.யில் தெரியாது. ஆறு பழுப்பாக ஓடும், அறிக்கை சரியாக இருக்கும், இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

உங்கள் கிணற்றுக்குள் மில் வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. மில் குளங்கள் பெரும்பாலும் மண் குளங்கள். கசிந்தால் கரிமப் பொருள் நிலத்தடியில் இறங்கும், அங்கே ஆக்சிஜனைத் தீர்க்கும், அதன் விளைவாக இரும்பு கரையும். அப்படியானால் இரும்பை வைத்து மில்லைக் குற்றவாளியாக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. பார்க்க வேண்டியது பொட்டாசியம். மில் கழிவில் அது லிட்டருக்கு 2,000 மி.கி. அளவில் இருக்கும், சாதாரணக் கிணற்றில் ஒற்றை இலக்கம்தான். பொட்டாசியமும் அம்மோனியாவும் இரண்டும் எகிறியிருந்தால் குளத்தைச் சந்தேகப்படலாம். பொட்டாஷ் உரத்தாலும் பொட்டாசியம் ஏறும் என்பதால், தோட்டத்தின் மறுபக்கம், குளத்துக்குத் தூரமாக இருக்கும் ஒரு கிணற்றையும் சேர்த்துச் சோதித்து ஒப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்கும் கடைசிக் குளத்துக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மில்லிலிருந்து வரும் கசிவு பெரும்பாலும் அந்தக் கால்வாயில் வழிந்து ஆற்றுக்குத்தான் போகும், உங்கள் கிணற்றுக்கு ஏறி வருவது கடினம்.

பழுப்பு நிறத்துக்கு இன்னொரு காரணம் இங்கே உண்டு. வடக்கே ராஜா மூசா காட்டுப் பக்கம் எல்லாம் கரி மண், அதாவது மக்கிய தழை பல அடி ஆழத்துக்குக் கிடக்கும் சதுப்பு. அதிலிருந்து வடியும் தண்ணீர் மில்லே இல்லாவிட்டாலும் தே-ஓ நிறத்தில் புளிப்பாகத்தான் இருக்கும். கண்ணாடி டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை இரவு முழுக்க வையுங்கள். அடியில் செம்பொடி படிந்து மேலே தெளிந்தால் இரும்பு. அடி முதல் நுனி வரை ஒரே சீராகப் பழுப்பாகவே நின்றால் கரி மண். இரண்டும் கலந்திருந்தால் கொஞ்சம் தலைவலி. அந்தப் பழுப்புப் பொருள் இரும்பைக் கவ்விக்கொண்டு படியவிடாது.

குழாய்த் தண்ணீர் ஏன் அடிக்கடி நிற்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சிலாங்கூர் ஆற்று நீரைக் கோலாலம்பூர் வரை அனுப்பும் சுத்திகரிப்பு நிலையங்கள் நம் பக்கம்தான் இருக்கின்றன. ஆனால் கெடுவது மேலே. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து கரைப்பான் வாடை ஆற்றில் இறங்கி நான்கு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அம்மோனியாவும் இப்படித்தான் நிலையங்களை முடக்கும். மனிதக் கழிவு, குப்பைமேட்டுச் சாறு, அம்மோனியா ஊற்றிப் பதப்படுத்தும் ரப்பர்ப்பால் ஆலை என்று அதற்குப் பல ஊற்று. குளோரின் முதலில் அம்மோனியாவோடு சேர்ந்து தீர்ந்துபோகும். ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜனுக்கு 8 முதல் 10 மி.கி. குளோரின் வேண்டும். ஆற்றில் 1.5 மி.கி.க்கு மேல் ஏறினால் குளோரினைக் கொட்டிக் கொட்டிச் சமாளிப்பதைவிட மதகை மூடுவதுதான் புத்தி. கிருமி கொல்லப்படாத தண்ணீர் வீட்டுக்கு வருவதைவிட வெற்றுக் குழாய் மேல். இந்த விஷயத்தில் நிலையத்துக்காரர்களை நான் திட்டமாட்டேன்.

குளிக்க, துவைக்க, பெரியவர்கள் சமைக்க உங்கள் கிணற்றை எப்படிப் பயன்படுத்துவது? காற்றும் மணலும் போதும். மேலே ஒரு டிரம், அதில் துளைபோட்ட குழாயால் தண்ணீரைச் சிதறவிட்டுச் சரளைக்கல் மேல் விழச் செய்யுங்கள். கீழே இன்னொரு டிரம்மில் கழுவிய ஆற்று மணல் இரண்டடி. இந்த ஊரில் ஒரு சிக்கல்: தண்ணீர் புளிப்பு. பி.எச். ஒரு படி குறைந்தால் இரும்பு துருவாகும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே சரளைக்குப் பதில் சுண்ணாம்புக்கல் ஜல்லி போடுங்கள். தண்ணீர் அதன் மேல் வழியும்போது புளிப்புக் குறையும், இரும்பு சட்டென்று படியும். இரும்பு படியும்போது ஆர்சனிக் இருந்தால் அதில் ஒரு பங்கையும் இழுத்துக்கொண்டு படியும். மணலைக் கழுவிய செஞ்சேற்றைக் கிணற்றடியிலேயே கொட்டாதீர்கள். படியாமல் மிஞ்சும் ஆர்சனிக்குக்கு அறிக்கைதான் சாட்சி.

கிருமிக்கு என்றால், வாசனை சேர்க்காத சாதாரண பிளீச், 5 விழுக்காடு உள்ளது, ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர். கிணற்றின் விட்டம் ஒரு மீட்டர், தண்ணீர் இரண்டு மீட்டர் என்றால் சுமார் 1,570 லிட்டர், அதற்கு ஒன்றரை லிட்டர் பிளீச் சரியாக இருக்கும். ஊற்றி ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். உங்கள் கிணற்றில் ஊற்றியதும் குபுக்கென்று ரத்தச் சிவப்பாகும், பயப்பட வேண்டாம், குளோரின் பட்ட இரும்பு அது. கிணற்று விளிம்பு தரையைவிட உயரமாக இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே எல்லாம் பழையபடி ஆகிவிடும், சிமெண்டு முதலில்.

அந்த வீட்டில் இன்னும் தோட்டத்து வேலையில் இருப்பவர் யாராவது இருந்தால், வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. அதைக் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுங்கள். கிணற்றைப் பற்றிப் பேச வேண்டிய இடம் மாவட்டச் சுகாதார அலுவலகம். ஆற்றில் மீன் செத்தால் சுற்றுச்சூழல் துறைக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும், மறுநாள் சொன்னால் ஆறு எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும்.

சோதனைக்குக் கேட்க வேண்டியவை: பெரியப்பா கிணற்றுக்கு நைட்ரேட்டும், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமியும். உங்கள் கிணற்றுக்கு இரும்பு, மாங்கனீசு, ஆர்சனிக், அம்மோனியா, பொட்டாசியம், பி.எச்., கூடவே ஈ.கோலை. தண்ணீர் எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வீட்டில் கிடந்த மினரல் போத்தலில் பிடித்து, ரெண்டு நாள் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால், இரும்பெல்லாம் அடியில் படிந்து ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டிருக்கும். மேலே நிற்கும் தெளிவை எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்று வரும். உலோகத்துக்கு அமிலம் விட்ட புட்டியை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள், இறைத்த கையோடு, சிவக்கும் முன் அதில் பிடித்து மூடுங்கள். பிடிக்கும்போது புட்டியைக் கழுவாதீர்கள், அமிலம் போய்விடும். ஈ.கோலைக்கு வேறு புட்டி, கிருமி நீக்கியது. அதன் வாயை விரலால் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொண்டுபோகாதீர்கள், திங்கள்கிழமைதான் திறப்பார்கள்.